சாமிக்கு நேர்ந்த சேவலும் ஒரு அட்டை கேப்சூலும்: லுணுகலைப் பயணம்

இந்தப் பங்குனியில் நான் லுணுகலைக்குப் போனதற்குக் காரணம் பக்தி என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. என் நாத்தனார் பரமேஸ்வரி கைவிரல் நுனியைப் பறிகொடுத்துவிட்டு, லயத்து வரிசை வீடுகளில் உள்ள அத்தனை பேரோடும் சண்டை போட்டுக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்திருந்தது. சண்டையை முன்வரிசையில் இருந்து பார்க்க வாய்ப்பு இருக்கும்போது வெள்ளவத்தையில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிற பெண்பிள்ளை நான் அல்ல. அவர்கள் தேயிலைத் தோட்டத்து முனியாண்டி கோயில் திருவிழா சனிக்கிழமை. நான் வியாழக்கிழமை கிளம்பினேன்.

கொழும்பு கோட்டையில் காலை ஐந்து மணிக்கு பஸ். இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் பதுளைக்கு ஏறக்குறைய இருநூற்று முப்பது கிலோமீட்டர், ஏழு மணி நேரம். ஏசி பஸ்ஸுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே கொடுத்தேன். வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். ஹல்துமுல்லை வளைவுகளில் தெற்கே சமவெளி முழுக்க விரிந்து கிடக்கும், கண்கொள்ளாக் காட்சி என்கிறார்கள். நான் பார்த்தது ஒரு பொலித்தீன் பையின் உட்புறத்தை மட்டும்தான். பலாங்கொடையில் நிறுத்தியபோது கோழிச் சோற்றுப் பார்சல் வாங்கித் தின்றதன் பலன். இந்த வழியில் போகிறவர்கள் வெறும் பணிசோடு, அதாவது பன்னோடு, நிறுத்திக்கொள்ளுங்கள்.

பதுளையில் இறங்கியதும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பரமேஸ்வரி அன்றைக்குக் கட்டு மாற்ற வந்திருந்தாள். அவள் கணவருக்குக் கொழும்பில் கடைவேலை, அதனால் தனியாகத்தான் வருவாள் போவாள். என்னைக் கண்டதும் வாங்குப் பலகையிலிருந்து எழுந்தாள்.

"வாங்க மதினி. பஸ்காரன் உங்களுக்கு ஒரு டிக்கெட்டு போட்டானா, ரெண்டு போட்டானா?"

கை எப்படி இருந்தாலும் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாக இருந்தது.

நடந்தது இதுதான். கோழிக்கூடு கழுவும்போது தகரம் வலக்கை ஆள்காட்டி விரலைக் கிழித்திருக்கிறது. தோட்டத்து மருந்தகத்தில் கொடுத்த கேப்சூல், லயத்தில் கோழிக்கும் கரைத்துக் கொடுக்கிற அதே கேப்சூல், கேட்கவில்லை. வீக்கம் மணிக்கட்டு வரை ஏறிய பிறகு பதுளையில் சேர்த்தார்கள். இங்கே கொடுத்த முதல் மருந்தும் கேட்கவில்லை, இரண்டாவதும் கேட்கவில்லை. விரல் நுனியை எடுத்தார்கள். நரம்பு வழியாக ஏற்றிய மூன்றாவது மருந்துதான் கையைக் காப்பாற்றியது. கொழுந்து பறிக்கிறவளுக்கு ஆள்காட்டி விரல் என்றால் பாதிச் சம்பளம்.

கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டர் இளம் சிங்களப் பெண். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார்.

"காயம் நல்லம். ஆனா கோழிக்கு அந்தக் கேப்சூல் குடுக்க வேணாம் அம்மா. சும்மா கொஞ்சம் கொஞ்சம் குடுத்தா கிருமி சாகாது. பழகிடும். பழகின கிருமி கோழியில இருந்து மனுசனுக்கு வரும், மனுசன்ல இருந்து கோழிக்கும் போகும். உங்களுக்கு எப்பிடி வந்ததுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா உங்க கையில இருந்த கிருமி, நீங்க கோழிக்குக் குடுக்கிற மருந்துக்கு பயப்படவே இல்ல."

"மறுபடி வந்தா இதே ஊசி கேக்குமா மிஸ்?"

"தெரியாது."

பரமேஸ்வரி தலையாட்டிக் கும்பிட்டுவிட்டு வரும் ஜாதி இல்லை. "சரி மிஸ், எங்க லயத்துல எட்டுக் கோழி. அத நிப்பாட்டுறேன். டவுன்ல சோத்துப் பார்சல்ல வருதே ஒரு கோழி, அது என்னத்த தின்னு அந்தப் பெருசு ஆச்சுன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

டாக்டர் சிரித்தார். "கேக்கணும்" என்றார். நான் கூரையைப் பார்த்தேன். அந்தப் பார்சலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்கு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சாதாரண பஸ்ஸில் ஒன்றே முக்கால் மணி நேரம், இருநூறு ரூபாய்க்குள். லுணுகலை டவுனில் இருந்து தோட்டத்துக்கு ஐந்து கிலோமீட்டர் ஏற்றம், ஆட்டோவுக்கு எண்ணூறு. ஓட்டியவர் ரிஸ்வான் நானா, லுணுகலைக்காரர். பரமேஸ்வரியின் கையைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கை தப்பிச்சிருச்சா? இனி ஊரையே அடிக்கலாம்" என்றார்.

இப்போது சேவல் கதைக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் கை வீங்கிக் கிடந்தபோது பரமேஸ்வரி முனியாண்டிக்கு ஒரு கறுப்புச் சேவல் நேர்ந்திருந்தாள். நேர்ந்த சேவல் திருவிழாவுக்கு முன்னால் சாகக் கூடாது. செத்தால் சாமி நேர்த்தியை ஏற்கவில்லை என்று அர்த்தம். ஆகவே நேர்ந்த சேவல் ஒரு தும்மல் தும்மினாலும் லயத்தில் கை போவது அரிசி டின்னுக்குள்தான். மருந்தகத்தில் ஐந்து நாளைக்குக் கொடுத்த கேப்சூலை இரண்டு நாள் விழுங்கிவிட்டு மிச்சத்தை அங்கே பத்திரப்படுத்தியிருப்பார்கள். மருந்தகம் தூரம், நாளைக்கு யாருக்கு என்னவோ. ஒரு கேப்சூலை உடைத்துத் தண்ணீரில் கரைத்தால் வீட்டுக் கோழிகள் எல்லாவற்றுக்கும் ஆச்சு. சிரிக்காதீர்கள். வெள்ளவத்தையில் டாக்டர் எழுதிய துண்டு இல்லாமலே கேப்சூல் கொடுக்கும் மருந்துக்கடை எனக்கு மூன்று தெரியும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கறுப்புச் சேவல் கூட்டின் மூலையில் சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. மூக்கில் நீர். பரமேஸ்வரி அதைத் தூக்கித் தனியே ஒரு கூடைக்குள் கவிழ்த்தாள், சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினாள், பிறகு மிருக வைத்தியருக்குப் போன் போட்டாள்.

அதற்குள் அடுத்த வீட்டுத் தங்கம் வந்துவிட்டாள். கையில் பாதி காலியான ஒரு கேப்சூல் அட்டை.

"ரெண்ட ஒடச்சுப் போடு பரமேசு. சனிக்கிழம கூவும் பாரு."

"வேணாம்."

"என்னடி வேணாம்? சேவல் போச்சுன்னா ஒன் கை மறுபடி அழுகும். சாமி சும்மா விடுமா?"

"அழுகுனா என் கைதானே? நீயா கொழுந்து எடுக்கப் போற எனக்கு?"

தங்கம் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கக்கா. கொழும்பு மருந்து ஏதாச்சும் வச்சிருப்பீங்களே."

என் கைப்பையில் இரண்டு அட்டை இருந்தது. தும்மலுக்கு ஒன்று, தும்மல் வருமோ என்ற பயத்துக்கு ஒன்று. "இல்லையே" என்றேன், பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை மதியம் மிருக வைத்தியர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கூடையைத் தூக்கிப் பார்த்தார். இது வைரஸ் மாதிரித் தெரிகிறது, கேப்சூலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பிழைத்தாலும் பிழைக்கும், செத்தால் ஆழமாகப் புதையுங்கள், தின்ன வேண்டாம் என்றார். வாசலில் நின்று கேட்ட பாதிப்பேர் இதை ஒரு காதில் வாங்கினார்கள். மீதிப்பேர் அதையும் வாங்கவில்லை. கூடைக்கு அருகே தங்கம் இரண்டு முறை சும்மா உலாத்தினாள். பரமேஸ்வரி கூடையின் மேலேயே உட்காராத குறையாகக் காவல் இருந்தாள். ஆனால் நான் கவனித்தேன்: கட்டுப் போட்ட கையை அடிக்கடி முகர்ந்து பார்த்தாள். பயம் இல்லாதவள் முகர மாட்டாள்.

சனிக்கிழமை விடியும்போது சேவல் செத்துக் கிடந்தது.

லயம் முழுக்க ஒரே பேச்சு. பரமேஸ்வரி குழி வெட்டிப் புதைத்தாள், குளித்தாள், வெறுங்கையோடு கோயிலுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஏற்றத்தில் ஓடுகிற அழகை யாரோ போனில் படம் பிடித்திருக்கிறார்கள். கண்டால் அழித்துவிடுங்கள்.

முனியாண்டி அருள் வந்து ஆடுகிறவர் செல்லையா அண்ணன். தங்கத்தின் புருசன். அதாவது தங்கம் கேப்சூல் வைக்கிற அரிசி டின்னின் சொந்தக்காரர். பதினொரு மணிக்கு உடுக்கு அடித்ததும் அவருக்கு அருள் இறங்கியது. நேரே பரமேஸ்வரி முன்னால் வந்து நின்று கண்ணை உருட்டினார்.

"எங்கடி என் சேவல்?"

கூட்டம் எங்களைச் சுற்றி நெருங்கியது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பரமேஸ்வரி கையைக் கூப்பினாள், குரலைக் கூப்பவில்லை. "செத்துருச்சு சாமி. மருந்து குடுக்கச் சொன்னாங்க, குடுக்கல. இனிமேயும் குடுக்க மாட்டேன். ஒனக்குன்னு நேந்தத மருந்தூத்தி நிக்க வச்சு, அத நாங்களே வெட்டித் தின்னு, அந்தக் கிருமி எங்க புள்ளைங்க மேலயே ஏறுறதுக்கா ஒனக்குத் திருவிழா? கோவமா? என் மேல கோவப்படு. இந்தா நிக்கிறேன்."

சாமி மூச்சு வாங்கியது. சாமிக்கு வியர்த்தது. ஓரத்தில் தங்கம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு முனியாண்டி சொன்னார்: "பூசணிக்கா வெட்டு."

அவ்வளவுதான். சேவலுக்குப் பதில் பூசணிக்காய் வெட்டினார்கள், திருநீறு பூசினார்கள், உடுக்கு மறுபடி ஒலித்தது.  

மறுநாள் காலை செல்லையா அண்ணன் பிளேன்டீ கோப்பையோடு வந்து வாசலில் நின்றார். "நேத்து சாமி என்னம்மா சொல்லுச்சு? எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல" என்றார். பிறகு மெதுவாக, "எங்க கோழிக்கும் மூக்கு ஒழுகுது. அந்தக் கோழி டாக்டர் நம்பர் இருக்கா?" என்றார். பரமேஸ்வரி நம்பரைக் கொடுத்தாள்.

புருசன் ஒரு பக்கம் நம்பர் வாங்க, பெண்டாட்டி பின்கதவில் கேப்சூலை உடைத்துக்கொண்டிருந்தாள். இதுதான் நம் ஊர். நான் ஊர் திரும்ப ரிஸ்வான் நானாவின் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த நேரம், பின்பக்கம் கூச்சல். பரமேஸ்வரி ஓடி வந்தாள், இடக்கையில் தங்கத்தின் அட்டை.

"புடிங்க மதினி!" என்று என் மடியில் எறிந்தாள். "பதுளை ஆஸ்பத்திரியில குடுத்துருங்க. சாக்கடைக் கான்ல போட்றாதீங்க!"

"அடியே, அது போன வருசத்து மருந்துடி! கள்ளி!" தங்கம் பின்னாலேயே வந்தாள்.

"போன வருசத்துதா? அதக் குடுக்கவா நீ என் சேவலுக்குக் கொண்டாந்த? இன்னொரு அட்டை வாங்கு, அதையும் புடுங்குறேன். எத்தன வாங்குறன்னு பாக்கலாம்!"

தங்கம் ஆட்டோவின் கம்பியைப் பிடித்தாள். நான் அட்டையை என் சொந்த இரண்டு அட்டைகளோடு பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தேன்.

"நானா, போங்க!"

"யாரு சண்டைக்காரி அக்கா, நீங்களா அவங்களா?"

"எல்லாரும்தான், போங்க!"

போக நினைப்பவர்களுக்கு: மாலை நான்குக்குப் பிறகு லுணுகலையிலிருந்து பஸ் குறைவு. பங்குனியிலும் அதிகாலையில் குளிரும், சால்வை வேண்டும். கோழிக்கூட்டுப் பக்கம் போனால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். டாக்டர் ஐந்து நாள் என்றால் ஐந்து நாளும் விழுங்குங்கள், மிச்சம் வைக்காதீர்கள். கொழும்புக் கடையில் கோழி வாங்கும்போது இது என்ன தின்று வளர்ந்தது என்று கேளுங்கள். முறைப்பார்கள். நான் இந்த வாரம் மூன்று கடையில் கேட்டுவிட்டேன், ஒரு கடையில் இனி வராதே என்றார்கள். நாளைக்கும் அங்கேதான் போகிறேன். செருப்பு மட்டும் பின்வார் உள்ளதாகப் போடுங்கள், ஓட வேண்டி வரும்.