குட்டைச் சிறகுப் பூச்சி

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து, பெங்களூரில் ஒரு கல்லூரியின் பூச்சி அறையில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். அதற்கு முன் முனிசிபாலிட்டியில் வேலை. செத்த நாய், மாடு எடுக்கும் வண்டி. அதனால் கல்லூரி கிளார்க் என்னை நாய் வண்டி என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து முனையில் செத்துக் கிடந்த நாயின் அடியில் ஒரு பூச்சியைப் பிடித்தேன். சுண்டுவிரலில் பாதி நீளம். கறுப்பு, மேலே சாம்பல் மயிர். சிறகை மூடும் ஓடு முதுகில் பாதிகூட இல்லை. மீதி வயிறு வெளியே தெரியும். தொட்டால் தேள் மாதிரி வாலைத் தூக்கும். கொட்டாது, கடிக்கும்.

அதைக் கொன்று ஊசி குத்திக் கொடுத்தேன். புதிதாக வந்திருந்த சின்ன சார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சிறகு வளரவில்லை, இது இளசு, இதை வைத்து இனம் சொல்ல முடியாது, எறிந்துவிடு என்றார்.

"இது பறக்கும் சார்."

"இவ்ளோண்டு சிறக வச்சிக்கிட்டா?"

கிளார்க் சிரித்தார். "நாய் வண்டி சொல்லுது, எழுதிக்குங்க சார்."

சுருக்கென்றது. பத்து வருஷம் வண்டியில் இதைப் பார்த்தவன் நான். இது பிணத்தைத் தின்ன வருவதில்லை. புழு வைத்த பிறகு, புழுவைத் தின்ன வரும். பிணத்தைப் புரட்டினால் பறந்து போகும். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றில் வாயை மூடிக்கொண்டு போக மனம் வரவில்லை. பூச்சியை எறியாமல் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் இன்னொன்றை உயிரோடு கொண்டு போனேன். சாரின் மேஜையில் வெயில் விழும் இடத்தில் டப்பாவைத் திறந்தேன். வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நின்றது. குட்டை ஓடு இரண்டும் விரிந்தன. உள்ளே மடிந்திருந்த சிறகு உடம்பு நீளத்துக்கு வெளியே வந்தது. ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

சார் எழுந்து ஜன்னல் வரை போய்ப் பார்த்தார். பிறகு பூச்சி இனங்களைச் சொல்லும் பெரிய புத்தகத்தை எடுத்தார். முதல் பூச்சியைக் கேட்டார், கொடுத்தேன். மத்தியானம் வரை பக்கம் புரட்டினார். ரோவ் பீட்டில் என்கிற வண்டு வகை, வளர்ந்ததுதான், அந்த வகையில் பெரிய இனம் என்றார். இனத்தின் பெயரையும் சொன்னார். என் வாயில் நுழையவில்லை.

பூச்சியோடு ஊசியில் குத்தும் சீட்டில், புழுவைத் தின்னும் என்று நான் சொன்னதையும் எழுதினார். கீழே, பிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

பதிவேட்டில் ஏற்றுவது கிளார்க் வேலை. பேனாவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க இனிஷியல் என்ன?"

சொன்னேன். அவர் எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.