இரண்டு வரி உயரம்

பெரம்பலூரில் என் தொழிலை யாருக்கும் சுலபமாகப் புரியவைக்க முடிந்ததில்லை. "கம்ப்யூட்டர் வேலை" என்று சொன்னால் உடனே ஆதாரில் பெயர் திருத்தித் தரச் சொல்வார்கள். கடைகளுக்கும் சின்ன ஆபீஸ்களுக்கும், அவர்கள் மேசைக் கம்ப்யூட்டரில் ஓடுகிற மென்பொருளை அவரவர் தேவைக்குத் தகுந்தபடி எழுதிக் கொடுக்கிறேன். ஒரு உரக்கடை, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம், செட்டிகுளத்தில் ஒரு சின்ன வெங்காய மண்டி. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருக்கும் கல்யாணத் தகவல் மையமும் அப்படித்தான் எனக்கு வாடிக்கையானது.

அந்த மையத்தை நடத்தும் அக்கா என்னைக் கூப்பிடுவது ஆடி மாதத்தில்தான். ஆடியில் யாரும் வரன் பார்க்கக் கிளம்ப மாட்டார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு, நாற்காலிக்கு ஆணி, கம்ப்யூட்டருக்கு நான். ஆவணி பிறந்துவிட்டால் அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கமிருந்தெல்லாம் ஜாதகக் கட்டோடு பஸ் ஏறி வந்துவிடுவார்கள். அப்புறம் மாடிப்படியில் கால் வைக்க இடமிருக்காது.

போன ஆடியில் அக்காவுக்கு ஒரு குறை இருந்தது. கம்ப்யூட்டரில் இருக்கும் பட்டியலைச் சுவரில் மாட்டிய பெரிய டிவியில் காட்டுவார்கள். வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். பெயர் இருக்காது. பதிவு எண், வயது, நட்சத்திரம், ஊர், தொழில் எல்லாம் வரிசையாக வந்து, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. பட்டியலில் எல்லா வரியும் ஒரே உயரம். குறிப்பு நீளமாக இருந்தால் பாதியில் நறுக்கி மூன்று புள்ளி வைத்துவிடும்.

"அந்த மூணு புள்ளிக்குப் பின்னாடி என்னம்மா இருக்குன்னு ஆளாளுக்குக் கேக்கறாங்க பாப்பா. படிச்சுக் காட்டிக் காட்டியே எனக்குத் தொண்டை போச்சு. முழுசும் தெரியிற மாதிரி வரிய ஒயரமாக்கிக் குடு."

கேட்க அற்பமான வேலையாக இருக்கும். ஆனால் பட்டியலைத் திரையில் காட்ட நான் அப்போது வைத்திருந்த 'பட்டியல் பெட்டி' என்ற ஆயத்த மென்பொருள் துண்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அகலத்தை எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம், உயரத்தை மாற்ற நேர்வழியே கிடையாது. குறுக்குவழி ஒன்று இருக்கிறது. ஒன்றுமே வரையாத ஒரு வெற்றுப் படத்தை உயரமாகச் செய்து, ஒவ்வொரு வரிக்கும் இதுதான் படம் என்று கொடுத்துவிட வேண்டும். அது ஏமாந்துபோய் எல்லா வரியையும் அந்த உயரத்துக்குத் தூக்கிவிடும். செய்து பார்த்தேன். வரி உயர்ந்தது, எழுத்து மட்டும் மடிந்து கீழே இறங்காமல் அதே மூன்று புள்ளியோடு நின்றது.

எரிச்சலில் அந்தப் பெட்டியையே தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தேன். அதில் எழுத்தை நாமே வரைய வேண்டும், வேலை அதிகம். ஆனால் அது வரிக்கு வரி நம்மிடம் நின்று, இதற்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேட்கும். குறிப்பை அளந்து பார்த்துப் பதில் சொன்னால் போதும். இரண்டு வார்த்தைக் குறிப்புக்குச் சின்ன வரி, நீளக் குறிப்புக்குப் பெரிய வரி. டிவியில் முதல் தடவை அது சரியாக வந்தபோது அக்கா கை தட்டினார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

பட்டியலை மெல்லக் கீழே நகர்த்தினேன். பெரும்பாலான வரிகள் குட்டையாகவே இருந்தன. 'நல்ல குடும்பம். எதிர்பார்ப்பு இல்லை.' அவ்வளவுதான். சொல்வதற்கு ஒன்றும் இல்லாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஏதாவது குறை உள்ளவர்களின் வரிதான் நீண்டது. எங்கள் பக்கத்தில் பெற்றவர்கள் குறையைத்தான் முதலில் சொல்வார்கள். மறைத்துவிட்டார்கள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்ற பயம். சமாதானமெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

அப்படி நகர்த்திக்கொண்டே போனபோது, டிவியில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு வரி வந்து நின்றது. வயது முப்பத்து நான்கு. ஊர் பெரம்பலூர். தொழில், சொந்தமாகக் கம்ப்யூட்டர் மென்பொருள் எழுதுவது. இந்த ஊரில் அந்தத் தொழில் செய்கிற பெண் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

'மணமுறிவு ஆனது. ஐந்து மாதத்தில் பிரிந்து வந்துவிட்டது. குழந்தை இல்லை. கோபம் வரும்.'

அதோடு கண்ணை எடுத்துவிட்டேன். கீழே இன்னும் எவ்வளவோ இருந்தது. படிக்கத் தெம்பில்லை.

அக்கா மெதுவாகச் சொன்னார். "ஆனி மாசம் ஒங்கம்மா வந்தாங்க பாப்பா. ஒங்கிட்ட சொல்ல வேணாம்னாங்க. அவங்க சொல்லச் சொல்ல அப்படியே டைப் பண்ணிட்டேன்."

அம்மா எனக்குத் தெரியாமல் பதிந்ததில் கோபம் இல்லை. இன்னொரு கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்று எனக்கே தெரியாதபோது, அம்மாவாவது முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டிருப்பேன். என்னைக் கூச வைத்தது அந்த உயரம். ஊரிலேயே அதிகம் சமாதானம் சொல்ல வேண்டிய பெண் நான்தான் என்பதைச் சுவரில் அளந்து மாட்டிய மாதிரி இருந்தது. அளவுகோலைச் செய்து கொடுத்தவளும் நானே. பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள் இதை அண்ணாந்து படிப்பார்கள் என்று நினைத்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"அக்கா, இது சரிப்படாது. இவ்வளவு ஒயரம் வெச்சா கம்ப்யூட்டர் தாங்காது. ஒருத்தர் குறிப்பு ரெண்டு வரிக்கு மேல போவக் கூடாது" என்றேன்.

எங்கள் தொழிலில் 'கம்ப்யூட்டர் தாங்காது' என்று சொல்வது, டாக்டர் 'வயசாயிடுச்சுல்ல' என்று சொல்வதைப் போல. மறுகேள்வி வராது. அக்காவும், "ஒனக்குத் தெரியாததா பாப்பா" என்றார். உயரம் இரண்டு வரிக்கு மேல் போனால் இரண்டு வரியிலேயே நிறுத்து என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். வழக்கமாக வரும் மூன்று புள்ளியையும் எடுத்துவிட்டேன். பாதியில் நிற்கிறது என்று தெரிந்தால்தானே மீதி எங்கே என்று கேட்பார்கள்? முழு வாக்கியமாக எது வரைக்கும் இடம் இருக்கிறதோ, அது வரைக்கும் காட்டு என்று எழுதினேன்.

மறுபடி ஓட்டிப் பார்த்தேன். என் வரி 'கோபம் வரும்' என்பதோடு அடக்கமாக முடிந்தது. இன்னொரு வரியும் கண்ணில் பட்டது. ஜெயங்கொண்டம் பக்கத்துப் பையன் ஒருவன். அவன் குறிப்பு, 'கால் லேசாகச் சாய்த்து நடப்பார்' என்பதோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. குறை தங்கியது, சமாதானம் வெட்டுப்பட்டது. அது எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. தெரிந்தும் சேமித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

ஆவணி பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜாதகம் அச்சடிக்கும் பிரிண்டர் மக்கர் செய்கிறது என்று அக்கா அவசரமாகக் கூப்பிட்டார். போனால் பெஞ்சு நிறைய ஆட்கள். நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது படியேறி வந்தது என் அம்மா. கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன், போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அம்மா டிவியைப் பார்த்துவிட்டார். பதிவு எண்ணை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், நேராக என் வரிக்குப் போய்விட்டது கண்.

என் அம்மா பஸ்ஸில் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கக் கூச்சப்படுகிற ஆள். கல்யாண வீட்டுப் பந்தியில் இரண்டாம் தடவை ரசம் கேட்க மாட்டார். அந்த அம்மா, நிறைந்த கூடத்தின் நடுவில் நின்று அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, எம் பொண்ணுக்கு நான் சொன்னதெல்லாம் எங்க?"

அக்கா எழுந்து, "உக்காருங்கம்மா, பேசிக்கலாம்" என்றார்.

"கோவம் வரும்னு மட்டும் போட்டுருக்கீங்க? வந்த வேகத்துல போயிடும்னு சொன்னனா இல்லியா? வேலைய வுடுன்னாங்க, வுட மாட்டேன்னுச்சு. அதுக்கு அந்த வூட்ல கை நீட்டுனாங்க. அஞ்சு மாசம் பொறுத்துப் பாத்துட்டுத்தான் வந்துச்சு. எம் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லன்னு சொன்னனே, அது எங்க? அவங்கப்பா படுக்கையில கெடந்தப்ப தூக்கி ஒக்கார வெச்சு வாயில ஊட்டுனது அதுதான். அது எங்க?"

டிவியில் வரக் கூடாது என்று நான் மறைத்தது ஒவ்வொன்றும் அம்மாவின் வாயால் அந்தக் கூடத்தில் விழுந்தது. கை நீட்டிய விஷயத்தை நான் அம்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டார்கள். பிரிண்டருக்குள் தலையை விட்டுக்கொள்ள முடிந்தால் விட்டிருப்பேன்.

அம்மாவின் குரல் உடைந்தது. "செரியா விசாரிக்காம, அவசரப்பட்டுக் கட்டிக் குடுத்தது நாங்க. எங்க தப்புன்னு கடைசியா போடச் சொன்னன்ல? அதையுமா எடுத்துட்டீங்க?"

அப்படி ஒரு வார்த்தையை அம்மா என்னிடம் சொன்னதே இல்லை. நானும் அதை எதிர்பார்த்ததில்லை. நான் படிக்காமல் கண்ணை எடுத்துக்கொண்ட இடத்துக்குக் கீழே அது இருந்திருக்கிறது.

அக்காவுக்கும் பொறுக்கவில்லை. "என் மேல ஏம்மா கோவப்படுறீங்க? ரெண்டு வரிக்கு மேல வெச்சா கம்ப்யூட்டர் தாங்காதுன்னு ஒங்க பொண்ணுதானே சொல்லுச்சு?"

கூடமே திரும்பி என்னைப் பார்த்தது. சுவரில் 'கோபம் வரும்' என்று எழுதியிருந்த ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஆனால் அந்த நேரத்துக்குக் கோபம்கூட வந்து உதவவில்லை.

அம்மா என்னைப் பார்த்து ஒரே வார்த்தைதான் கேட்டார்.

"தாங்காதா?"

"தாங்கும்மா" என்றேன்.

பையிலிருந்து என் லேப்டாப்பை எடுத்து நான் எழுதிய அந்தத் தடையை அழித்தேன். அதை அக்காவின் கம்ப்யூட்டரில் ஏற்றி, மென்பொருளை மூடித் திறக்க வேண்டியிருந்தது. டிவி சில நிமிடம் கறுத்துப்போய்க் கிடந்தது. பிறகு வரிகள் ஒவ்வொன்றாக வந்தன, அதனதன் உயரத்தில். என் வரி பழையபடி பாதி டிவியை அடைத்தது.

பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார். நடுவில் ஒரு வரியைக் காட்டி வாய்விட்டுப் படித்தார். 'கால் லேசாகச் சாய்த்து நடப்பார். சிறு வயதில் வந்த காய்ச்சலால் ஆனது, வேலைக்கு ஒரு தடையும் இல்லை, வண்டி ஓட்டுவார்.'

"வந்துருச்சும்மா" என்றார் என்னிடம். "எம் பையன்து. போன வாரமும் வந்து பாத்தேன். எடம் பத்தாம வுட்டுட்டாங்க போலன்னு பேசாம போயிட்டேன். யாருமே கேட்டு வர்லியேன்னு இருந்துச்சு. சரி பண்ணிக் குடுத்ததுக்கு ரொம்ப நன்றிம்மா."

அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்த நன்றியைத்தான் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நான்தான் வேண்டுமென்றே வெட்டினேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை.

அம்மா என் வரியை முதலிலிருந்து கடைசி வரை உதடு அசைய நின்று படித்தார். "ம், இருக்கு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நான் பிரிண்டரை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். ஜவுளிக்கடை வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏன்டி அப்படிப் பண்ணுன?"

பொய் சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை. "வெக்கமா இருந்துச்சும்மா."

அம்மா ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் காலால் துழாவினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்கும்தான் வெக்கமா இருந்துச்சு. அதுக்குன்னு ஒனக்காகச் சொல்லாம இருக்க முடியுமா?"

செருப்பு கிடைத்துவிட்டது. வெங்காயம் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அம்மா முன்னால் நடந்தார்.