பன்னிரண்டு பிறைக் கணக்கில் ஒரு கடற்பயணம்

1936 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. யுவ வருடம் பங்குனி 11. மானிப்பாய்ச் சந்திக்கு ஆறு இருபத்தைந்துக்கு வரவேண்டிய பஸ் ஆறு நாற்பதுக்கு வந்தது. நான் ஆறு மணிக்கே வந்து மரத்தடியில் நின்றுவிட்டேன். எனக்கு வயது நாற்பத்தொன்பது; பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. இந்த வயதில் ஓடிப்போய் ஏறினால் காரணமில்லாமல் மார்பிலிருந்து ஒரு சூடு கிளம்பி முகம் வரை ஏறும். பிறகு குளித்தவள் போல் வேர்த்து நிற்கவேண்டும். நேரத்தோடு வந்து நிற்பது நான் எனக்குப் போட்டுக்கொண்ட முதல் விதி.

கையில் ஒரு துணிப்பை மட்டுமே. கடும் நீலத்தில் இரண்டு பருத்திச் சேலை, கழுத்துத் துடைக்க ஒரு துவாய், பனையோலை விசிறி, சீரகம் போட்டுக் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு மூடிச் செம்பில். இவற்றுக்கெல்லாம் அடியில், என் வீட்டுக்காரரின் பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணிகள் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கிடந்தன. அந்தப் பொதி பதினொரு மாதமாக அவிழ்க்கப்படாமலே என்னோடு பயணம் செய்கிறது. இனி வராது என்று நம்புகிறேன். ஆனாலும் பொதியை வெளியே எடுக்க மனம் துணியவில்லை.

இதை நான் எழுதுவது என் வயதுப் பெண்களுக்காக. மாதவிலக்கு வருமா நிற்குமா என்று தெரியாத வருடங்களில் நம்மில் பலர் கலியாண வீட்டுக்குக்கூடப் போகாமல் இருந்துவிடுகிறோம். ஆண்கள் யாராவது படித்தால் படிக்காதது போல இருந்துகொள்ளட்டும்.

பஸ்ஸில் ஏறியதும் பின்னால் கடைசி இருக்கை வாங்கின் ஓரத்துக்குப் போனேன். கொண்டக்டர் மறித்தார்.

"ரீச்சர், பொம்பிளையள் முன்னுக்கு."

"முன்னுக்கு இஞ்சின் எரியுது, தம்பி. என்னட்டையும் ஒண்டு எரியுது. ரண்டையும் ஒரே இடத்திலை வைக்கவேண்டாம்."

அவருக்கு விளங்கவில்லை. ஆனால் முன்வாங்கில் மரக்கறிக் கடகத்தோடு இருந்த ஒரு பெண்ணுக்கு விளங்கிவிட்டது. வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு எழுந்து, தானும் பின்னுக்கு வந்து என் பக்கத்தில் இருந்தார். அடுத்த தரிப்பிடத்தில் இன்னொருவர். சுன்னாகம் சேருமுன் கடைசி வாங்கு முழுவதும் நாற்பத்தைந்து தாண்டிய பெண்கள்; வாலிபர்கள் முன்னால் இஞ்சின் சூட்டில் வெந்துகொண்டிருந்தார்கள். யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. என் விசிறி நாலு கை மாறித் திரும்பி வந்தது.

7.25. சுன்னாகம். சந்தையில் வெள்ளரிப்பிஞ்சு இரண்டு, மூன்று சதம். அச்சுவேலி வழியாகப் போகும் பஸ்ஸுக்கு மாறினேன். மானிப்பாயிலிருந்து வல்வெட்டித்துறைக்கு எல்லாமாகப் பதினெட்டு மைல். செலவு முப்பத்தைந்து சதம்.

எதற்காகப் போனேன் என்பதை இங்கே சொல்லிவிடவேண்டும். விடுதியில் என்னோடு ஐந்து வருடம் படித்த தங்கரத்தினம் வல்வெட்டித்துறையாள். அவளுடைய கணவர் இரண்டு பாய்மரமுள்ள கப்பல் ஒன்றின் தண்டையல், அதாவது அதன் தலைவர். நானோ சிறுவயதிலிருந்து கடற்பயணப் புத்தகம் எது அகப்பட்டாலும் விடாமல் படிப்பவள். சிங்கப்பூரிலிருந்து ஏடன் வரை துறைமுகங்களை வரிசையாக ஒப்பிப்பேன். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. முப்பது வருடமாக அந்தக் கப்பலில் ஒருமுறை ஏற்றிவிடும்படி அவளைக் கேட்டு வந்தேன். அந்தக் குடும்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மாதவிலக்கு உள்ள பெண் கப்பலில் கால் வைப்பதில்லை. நின்று ஒரு வருடம் நிறைந்தவள் ஏறலாம். தங்கரத்தினம் நாலு வருடமாக ஏறுகிறாள். ஏறி இறங்கும்போதெல்லாம் எனக்குக் கடிதம் எழுதி வயிறெரியவும் வைக்கிறாள்.

போன கிழமை வந்த கடிதத்தில், புதன்கிழமை விடியக் கப்பல் புகையிலை ஏற்றக் காங்கேசன்துறைக்குப் போகிறது, பிறகு கொல்லம், எப்போது திரும்புமென்று தெரியாது, உனக்கு வருடம் முடிந்திருக்குமே, வா என்று இருந்தது. நான் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். இருபத்தேழு வருடமாக ஒவ்வொரு முறையும் ஓரத்தில் சிறு புள்ளி வைத்து வருகிறேன். கடைசிப் புள்ளி சென்ற பவ வருடம் பங்குனி 20. பயண நாளோ பங்குனி 12. எட்டு நாள் போதாது.

எட்டு நாளை யார் எண்ணப் போகிறார்கள் என்று அச்சுவேலி வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். தொண்டைமானாற்றுப் பாலத்தில் உப்புக்காற்று முகத்தில் அடித்தபோது, எப்படியும் ஏறிவிடவேண்டும் என்று தோன்றியது. 10.05க்கு வல்வெட்டித்துறையில் இறங்கினேன். அன்று பகல் முழுவதும் தங்கரத்தினம் வருடம் நிறைந்ததா என்று கேட்கவில்லை. எட்டு நாளை நானும் சொல்லவில்லை. புட்டும் முருங்கையிலைச் சொதியும் வயிறு நிறையச் சாப்பிட்டேன்; ஆனால் நன்றாகச் சாப்பிட்டேன் என்று எழுத முடியாது.

மார்ச் 25, புதன்கிழமை. காலை 5.40. கரையில் வள்ளம் ஆயத்தமாக நின்றது. ஒரு கூப்பிடு தொலைவில் கப்பல். தண்டையல் நெடிய மனிதர், அறுபது வயதிருக்கும். என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தபடி மனைவியிடம் சொன்னார்:

"ரீச்சரிட்டைக் கேள், வருஷம் நிறைஞ்சிட்டுதோ எண்டு."

மூவரும் ஒரு ஓலைப்பாய் விரிக்கும் இடத்துக்குள்தான் நின்றோம். தங்கரத்தினம் என் பக்கம் திரும்பி அதைச் சொல் மாறாமல் கேட்டாள். கண்ணாலே 'ஓம் எண்டு சொல்லு' என்றாள்.

சொல்ல வாயெடுத்தேன். பஞ்சாங்கத்தின் ஓரத்துப் புள்ளி கண்ணுக்குள் வந்து நின்றது. நான் எழுதி வைத்த ஒரு நாளை நானே பொய்யாக்கினால், பிறகு மற்ற நாட்களை யார் நம்புவது?

"இன்னும் எட்டு நாள் கிடக்கு" என்றேன்.

"உன்னை ஆரடி எட்டு நாள் கேட்டது?" என்று தங்கரத்தினம் பல்லைக் கடித்தாள்.

வள்ளத்தில் நின்ற இருவரும் வேறெங்கோ பார்த்தார்கள். நான் பையை மறுதோளுக்கு மாற்றினேன். திரும்பிப் போகும் பஸ் ஏழு பத்துக்கு என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது.

"எந்த நாளிலை நிண்டதெண்டு கேள்" என்றார் தண்டையல்.

"போன பங்குனி இருபது. அமாவாசைக்கு முதல்நாள்" என்றேன், அவள் கேட்குமுன்பே.

அவர் பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒருமுறை எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினார்.

"ரீச்சருக்குச் சொல்லு. பங்குனி சித்திரை எல்லாம் தோட்டக்காரற்றை கணக்கு. கடலுக்குப் பிறைதான். ஞாயிற்றுக்கிழமையோடை பன்னிரண்டு பிறை முடிஞ்சுது. மூண்டு நாள் கூடவும் நிக்குது." பிறகு முதல் தடவையாக என்னையே பார்த்தார். "ஏறுங்கோ."

சூரியக் கணக்கில் வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள். பன்னிரண்டு பிறைக்கு முந்நூற்று ஐம்பத்துநாலு. இதை வானசாஸ்திரப் புத்தகங்களில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன், பிள்ளைகளுக்கும் படிப்பித்திருக்கிறேன். அந்தப் பதினொரு நாள் எனக்கென்று ஒருநாள் வந்து உதவுமென்று நினைத்ததில்லை.

கப்பலில் ஏறக் கயிற்றேணி. என் முழங்கால்கள் இப்போது படிக்குப் படி முறைப்பாடு சொல்பவை. தங்கரத்தினம் சொன்னபடி சேலையை உயர்த்தி இடுப்பில் செருகி, பாதத்தின் நடுவை வைத்து, கீழே பார்க்காமல் ஏறினேன். பதினொரு படி. மேலே சமையற்காரர் கை கொடுத்தார். பனங்கட்டியோடு தேத்தண்ணி தந்துவிட்டு, முதல்முறை வருபவர்கள் எல்லாரும் தொண்டைமானாறு வர அதைத் திருப்பித் தந்துவிடுவார்கள் என்றும், அதனால் அரைப் பேணிதான் ஊற்றினார் என்றும் அமைதியாகச் சொன்னார்.

6.15. பாய் விரிந்தது. கரைக்காற்று தெற்கிலிருந்து மெல்ல வீசியது. கப்பல் அசைந்து புறப்பட்டது. வீடுகளும் வள்ளங்களும் பின்னுக்குப் போயின. நான் எதையும் பற்றிப்பிடிக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன் என்று தங்கரத்தினம் சொல்கிறாள். அது எனக்குத் தெரியாது.

7.00. தொண்டைமானாற்று முகம். ஆற்றங்கரையில் சந்நிதி கோயில் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டோம். தேத்தண்ணி வயிற்றில்தான் இருந்தது. சமையற்காரர் வந்து பார்த்துவிட்டு மிச்ச அரைப் பேணியையும் ஊற்றினார். காங்கேசன்துறைக்குத் தரையால் பத்து மைல் என்று எனக்குத் தெரியும். கடலால் எவ்வளவு என்று தண்டையலிடம் கேட்டேன். "காத்து நல்லதெண்டால் மூண்டு மணித்தியாலம். கெட்டதெண்டால் ரண்டு நாள்" என்றார். எழுதிக்கொண்டேன்.

வடக்குக் கரை முழுவதும் பனைகளின் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் என் பள்ளிக்கூடம், கிணறு, புகைபிடித்த என் அடுக்களை. நாற்பத்தொன்பது வருடம் அதற்குள் இருந்தவளுக்கு அது எவ்வளவு தட்டையானது, எவ்வளவு பச்சை என்று வெளியே வந்துதான் தெரிந்தது.

7.40. சூடு கிளம்பியது. வழக்கம்போல் மார்பு, கழுத்து, காது. எழுந்து பாய் மறைக்காத பக்கம் போய் நின்றேன். காற்று கழுத்துக்குப் பின்னால் நுழைந்து சேலையை ஊதிப் பெருப்பித்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்: நாலு நிமிடத்தில் ஓய்ந்துவிட்டது. வீட்டில், அடுப்புக்கு முன்னால், இது பதினொரு நிமிடம்; பலமுறை பார்த்து எழுதி வைத்திருக்கிறேன்.

தங்கரத்தினம் பக்கத்தில் வந்து வெள்ளரிப்பிஞ்சைக் கடித்தபடி நின்றாள். "எனக்கும் இதிலை நிண்டுதான் சுகம் வந்தது. மருந்துக்கடையிலை உது விக்கமாட்டினம்" என்றாள்.

9.20. காங்கேசன்துறை. வெளிச்சவீட்டைக் கடலிலிருந்து பார்ப்பதற்கும் தரையிலிருந்து பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கடலிலிருந்து பார்க்கும்போது அது நம்மை எதிர்பார்த்து நிற்கிறது. இறங்கியபின் தரை ஆடியது. தண்டையல் வள்ளத்திலிருந்தே தலையசைத்தார். ரயிலில் ஜன்னலோரம் மூன்றாம் வகுப்பு. சுன்னாகத்தில் வீட்டுக்காரர் மாட்டுத் திருக்கல் வண்டியோடு நின்றார். அன்று பொழுதுபட மேற்கில் மூன்றாம் பிறை தெரிந்தது. வீட்டு வளவில் நின்று நெடுநேரம் பார்த்தேன். என்ன பார்க்கிறாய் என்று அவர் கேட்டார். என்ரை வருஷக் கணக்கு என்றேன். அவர் மேலே கேட்கவில்லை; அது அவருடைய நல்ல குணங்களில் ஒன்று.

உண்மையாக எழுதுபவள் இங்கே நிறுத்தக்கூடாது. மார்ச் 31, பங்குனி 18, காலை ஐந்து மணிக்கு, என் கணக்கில் வருடம் நிறைய இன்னும் இரண்டு நாள் இருக்க, அது திரும்ப வந்தது. பத்திரிகைத் தாள் பொதியை அவிழ்த்தேன். முதலில் அழுகை வந்தது. துணியை மடித்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. பங்குனி இருபது வரை காத்திருந்து போவதாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

தபாலட்டையில் எழுதும் விஷயமல்ல. உறையில் இட்டு நன்றாக ஒட்டித் தங்கரத்தினத்துக்கு அனுப்பினேன். கப்பல் இன்னும் காங்கேசன்துறையில் புகையிலை ஏற்றிக்கொண்டுதான் நின்றது. பாய் விரிக்குமுன் தண்டையலுக்குத் தெரியவேண்டும், வேண்டிய சாந்தியை அவர் செய்துகொள்ளட்டும் என்று எழுதினேன். நாலாம் நாள் பதில் வந்தது. அதிலிருந்து:

"நேற்று அவர் ஒரு நாளைக்கு வீட்டை வந்தவர். சொன்னன். கனநேரம் சிரிச்சார். ரீச்சர் ஏறின அண்டைக்குக் கணக்குச் சரி, பிறகு வந்ததுக்குக் கப்பல் பொறுப்பில்லை எண்டார். எட்டு நாளையும் ஒளிக்காத ஆள், இதையும் ஒளிக்கேல்லை, உப்பிடி ஒராள் ஏறின கப்பலுக்கு ஒண்டும் வராதாம். முதலிலை இருந்து எண்ணச் சொன்னார். பன்னிரண்டு பிறை போனால் நாகபட்டினம்."

ஏப்ரல் 15, சித்திரை மாதத்து முதற் கிழமையில், கப்பல் சுகமாகக் கொல்லம் சேர்ந்ததாகத் தந்தி வந்தது என்று அவள் மறுபடி எழுதினாள்.

புதுப் பஞ்சாங்கத்தில் நான் இப்போது தேதிக்குப் பக்கத்தில் பிறையும் குறிக்கிறேன். கட்டிலை அடுக்களைச் சுவரிலிருந்து நகர்த்தித் தெற்கு ஜன்னலோடு போட்டாயிற்று. சூடு ஏழு நிமிடமாகக் குறைந்திருக்கிறது, நாலுக்கு இன்னும் வரவில்லை. துணிகளைத் தோய்த்து, காயவைத்து, புதுத் தாளில் சுற்றிப் பையின் அடியில் வைத்துவிட்டேன். பை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. இரண்டு பிறை கழிந்தது.