ஆராவில் நான் அடித்த கெட்டிமேளம்

சுவிசில் தவில் அடிக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் சூரிச்சில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் டெக்னோவுக்குக் குதிக்கிற இடத்தில், புகை மெசினுக்கு நடுவில், வேட்டி கட்டித் தவிலைத் தோளில் கொழுவிக்கொண்டு நின்றவன் நான். எனக்கு அறுபத்தாறு வயது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இதை எழுதுவதில் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். தாளத்தில் பிழை இருந்தால் மட்டும் என்னிடம் வாருங்கள்.

எங்கள் குடும்பம் மேளகாரக் குடும்பம் இல்லை. அப்பா சுருட்டுக் கொட்டிலில் சுருட்டுச் சுற்றினவர். நான் தவிலைத் தொட்டதே இன்டர்லாக்கனில்தான். அகதியாக வந்து இறங்கி, அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி கழுவினேன். ஒரு மாட்டையே உள்ளே இறக்கலாம் போன்ற சட்டிகள். கழுவிக் கவிழ்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சத்தம். கோயில் திருவிழாவில் கேட்ட அடியை எல்லாம் அதில் அடித்துப் பார்ப்பேன். பெரிய குசினிக்காரன் கத்துவான். அவன் அந்தப் பக்கம் திரும்பினதும் திரும்பத் தொடங்குவேன்.

பக்கத்துத் தொட்டியில் கோப்பை கழுவினவன் ஒருவன் இருந்தான். ஒரே அறையில் நாலு பேர் படுத்தோம், அவன் என் மேல்கட்டில். அவனை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். என்னுடைய அடிக்கு முதல் ரசிகன் அவன்தான். இப்போது நாங்கள் இரண்டு பேரும் ஆரா என்ற ஊரில்; அவனுக்கு அங்கே சொந்தக் கடை, கோயில் நிர்வாகத்தில் உட்கார ஒரு கதிரை. கதிரை வந்தால் மனிசருக்குக் கழுத்து நீளும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒருமுறை திருவிழாவுக்கு ஊரிலிருந்து ஒரு தவில் வித்துவான் வந்தார். தங்க இடமில்லாமல் எங்கள் அறையில் பத்து நாள் இருந்தார். நான் அவருக்குச் சமைத்துக் கொடுத்தேன், அவர் எனக்குப் பாடம் சொல்லித் தந்தார். ஐந்தாம் நாள், "தம்பி, உமக்குக் கை இருக்கு, கணக்கு இல்லை" என்றார். கணக்கையும் பத்தாம் நாளுக்குள் பிடுங்கிவிட்டேன். மிச்சத்தை நானாகவே தேடினேன். மற்ற மேளகாரர்கள் எனக்குச் 'சட்டித் தவில்' என்று பட்டம் வைத்தார்கள். வைக்கட்டும். பத்து வருசத்துக்குள் அதே ஆட்கள், கலியாணத்துக்கு ஆள் காணாது என்று எனக்குத்தான் போன் அடித்தார்கள்.

மச்சானுடைய மகள் இங்கே பிறந்தவள். பல் வைத்தியரிடம் வேலை செய்கிறாள். வேலை முடிந்து வந்தால் காதில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு லப்டொப்பில் பாட்டுச் செய்வாள். தேர்த் திருவிழாவில் நான் அடித்ததைப் போனில் பதிந்து, அதைத் துண்டு துண்டாக வெட்டி, டெக்னோ அடிக்குள் ஒட்டிவிட்டு எனக்குப் போட்டுக் காட்டினாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"பிள்ளை, ஆரைக் கேட்டு வெட்டினனீ?"

"சொறி அங்கிள். பிடிக்கேல்லையோ?"

"வெட்டினது பரவாயில்லை. நான் மூச்சு வாங்கினபோது அடிச்ச துண்டை எல்லோ வெட்டியிருக்கிறாய்! என்னிலை ஆகலும் மோசமான துண்டு அதுதான். நானே வந்து அடிக்கிறன், தள்ளு."

அப்படித்தான் தொடங்கியது. வீரமாகச் சொல்லிவிட்டேனே ஒழிய, முதல் நாள் பேர்னில் ஒரு நடனக் கிளப்பில் மானம் போய்விட்டது. தவில் அடிக்கிறவனும் நாதஸ்வரக்காரனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் வாசிப்போம். சூடு ஏற ஏறக் கை தானாக வேகம் எடுக்கும், மற்றவரும் கூட வருவார். மெசினுக்கு முகம் இல்லை. நான் ஏறிக்கொண்டு போகிறேன், அது தொடங்கின இடத்திலேயே நின்று டும் டும் என்கிறது. நடுவில் இரண்டும் முட்டி, ஆடின பிள்ளைகள் ஒரு காலைத் தூக்கினபடி நின்றார்கள்.

"அங்கிள், மெசினோட சேர்ந்து அடியுங்கோவன்" என்றாள் அவள்.

"நான் ஏன் சேரவேணும்? அதை என்னோட சேரச் சொல்லு."

விசர்க் கதை என்றுதான் நினைத்திருப்பாள். ஆனால் கெட்டிக்காரி. சின்னப் பலகை போல ஒரு பெட்டி வாங்கினாள். அதில் விரலால் தட்டத் தட்ட மெசின் அந்த வேகத்துக்கு வரும். அன்றைக்குப் பிறகு அவள் சனத்துக்கு முதுகைக் காட்டி, எனக்கு நேரே நின்று, என் தோளைப் பார்த்துத் தட்டத் தொடங்கினாள். தோள் உயர்ந்தால் நான் ஏறப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். அப்படி நாங்கள் மூன்று வருசம் பேர்னிலும் சூரிச்சிலும் ஜெனீவாவிலும் வாசித்தோம். ஜெனீவாவில் கதவுக்கு நிற்கிற தடியன் என் பையைச் சோதித்து, விரல்களில் மாட்டுகிற கூடுகளை எடுத்து மணந்து பார்த்தான். துணியை மாவில் தோய்த்துச் சுற்றிக் காயவைத்தது அது. "மாவு" என்றேன். மாவு என்றதும் இன்னும் இரண்டு தடியன்கள் வந்தார்கள். மேடையில் நான் அடித்த அடியைக் கேட்ட பிறகு, போகும்போது மூன்று பேரும் கை தந்தார்கள்.

அவளுக்குக் கலியாணம் சரிவந்தது. ஜெனீவாவில் பிறந்த எங்கள் பெடியன், பிரெஞ்சு கதைப்பவன், நல்லவன். அவள் எனக்கு முன்பே சொல்லி வைத்திருந்தாள்: "அங்கிள், என்ரை கெட்டிமேளம் நீங்கள்தான்." ஓம் என்று சொல்லியிருந்தேன். நான் சும்மா ஓம் சொல்கிறவன் இல்லை. எனக்கு இரண்டு பெடியன்கள். இரண்டு பேரும் இந்த நாட்டுப் பெண்களைக் கட்டினார்கள், பதிவு அலுவலகத்தில் எழுதினதோடு சரி. தாலியும் இல்லை, மேளமும் இல்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாருடைய கழுத்துக்கும் கெட்டிமேளம் கொட்டினவன், என் வீட்டுக்கு என்று ஒருதரமும் கொட்டவில்லை. இவள் ஒருத்திக்காவது கொட்டவேண்டும் என்று இருந்தேன்.

மச்சான் ஒரு ஞாயிறு பின்னேரம் தனியாக வந்தான். தேத்தண்ணி குடித்து முடியுமட்டும் மழையைப் பற்றிக் கதைத்தான். பிறகு சொன்னான்.

"மச்சான், குறை நினையாதை. மேளத்துக்கு வெளியிலையிருந்து ஆக்களைக் கூப்பிட்டிருக்கிறம்."

"ஏன், எனக்குக் கை முறிஞ்சு போச்சோ?"

"பியர் மணக்கிற இடத்திலை அடிச்ச தவில் தாலிக்கு முன்னாலை வரக்கூடாது எண்டு நிர்வாகத்திலை கதை."

"நிர்வாகத்திலை கதையோ, உன்ரை கதையோ?"

அவன் கோப்பைக்குள் பார்த்தான். "என்ரை கதையும்தான்."

"டேய், தவிலிலை ஒரு பக்கம் எருமைத் தோல், மற்றப் பக்கம் ஆட்டுத் தோல். அதைக் கிட்ட வைச்சிருக்கிற சாமி பியர் மணத்துக்கோ ஓடப்போகுது?"

"உன்னோட கதைக்க ஏலாது. ஒண்டு செய். நிர்வாகத்துக்கு முன்னாலை ஒரு தேங்காய் உடைச்சு, இனி அந்த இடங்களுக்குப் போகமாட்டன் எண்டு சொல்லு. எல்லாத்தையும் நான் பாக்கிறன்."

"உன்ரை மகளுக்கெண்டால் நூறு தேங்காய் உடைப்பன். மன்னிப்புக்கு அரைத் தேங்காயும் உடைக்கமாட்டன். அவளும் அங்கைதானே நிண்டவள்? அவளின்ரை கழுத்து மட்டும் எப்பிடித் தாலிக்குச் சரிவரும்?"

அவன் எழும்பினான். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். இரண்டு கிழமையில் கலியாணக் கார்டு வந்தது. அதில் மேளகாரர் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது, எனக்கு அழைப்பும் இருந்தது. மனிசி, "ஒரு சொல் சொல்லிவிட்டால் என்ன?" என்றாள். நாப்பது வருசமாக என்னோடு இருக்கிறாள், இன்னும் இப்படிக் கேட்கிறாள்.

இந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. முதலில் அரசாங்க அலுவலகத்தில் கலியாண எழுத்து முடியவேண்டும், அதற்குப் பிறகுதான் கோயிலோ தேவாலயமோ. எங்கள் ஆட்கள் அந்த எழுத்தை ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. பாஸ்போர்ட் எடுக்கப் போவதுபோலப் போய், கையெழுத்தைப் போட்டுவிட்டு, கோப்பி குடித்துவிட்டு வருவார்கள். தாலி ஏறினால்தான் கலியாணம். மச்சானும் அப்படித்தான். மகள் சாப்பாட்டு மேசையில் அவனைக் கேட்டிருக்கிறாள்.

"அப்பா, எழுத்துக்கு ஆரைக் கூப்பிடலாம்?"

"அது ஒரு கையெழுத்துத்தானே பிள்ளை. ஆரையும் கூப்பிடு. யானையை வேணுமெண்டாலும் கூப்பிடு."

அவள் உடனே அறைக்குள் போய் எனக்குப் போன் எடுத்தாள்.

"அங்கிள், சட்டப்படி நான் எங்கை கலியாணம் கட்டுறன்?"

நான் ஏழாம் வகுப்பென்றாலும் அந்தக் கேள்வி விளங்கியது.

அடுத்த நாளே அலுவலகத்துக்குப் போனேன். கலியாணம் எழுதுகிற அம்மா ஒருத்தி, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்தா. என்னுடைய குசினி ஜேர்மனில் விளங்கப்படுத்தினேன். மேளம், ஒரு நிமிடம், அவ்வளவுதான்.

"சத்தமாக இருக்குமோ?" என்று கேட்டா.

"சத்தமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் ஒரு தும்மலோ அழுகையோ காதில் விழக்கூடாது, அதற்குத்தான் அந்த மேளம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் உங்கள் தேவாலய மணி என்னை எழுப்புகிறதே, அதைவிடக் குறைவு."

அவ சிரித்துவிட்டா. ஜன்னலைப் பூட்டவேண்டும், ஒரு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்றா. நானும் அவவுக்கு ஒரு வேலை கொடுத்தேன். கோயிலில் ஐயர் விரலை உயர்த்தினால்தான் கெட்டிமேளம் தொடங்கும். இங்கே ஐயர் நீங்கள்தான், இரண்டு பேரும் 'யா' என்று சம்மதம் சொன்னதும் விரலை உயர்த்துங்கள் என்றேன். அவ அங்கேயே இரண்டுதரம் உயர்த்திப் பழகினா.

எழுத்து நாள் வெள்ளிக்கிழமை காலை. நான் பட்டு வேட்டி, சால்வை, திருநீறு, தோளில் தவில். மச்சான் கடையில் சாமான் இறக்கவேண்டும் என்று, காரைப் பூட்டின திறப்பைக் கையிலேயே பிடித்தபடி வந்தான். என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னடா இது?"

"நீதானே யானையைக் கூப்பிடச் சொன்னனீ. அதுக்கு இண்டைக்கு வர ஏலாதாம். நான் வந்தன்."

"மச்சான், இது அரசாங்க இடம். விளையாடாதை."

"அதுதான் சொல்லுறன். உன்ரை நிர்வாகம் இங்கை இல்லை."

அவன் மனிசி அவனுடைய கோட்டைப் பிடித்து இழுத்து இருத்தினா. "இருங்கோ பேசாமல். சனம் பாக்குது." சனம் என்று அங்கே இருந்தது பன்னிரண்டு பேர்.

மணமகள் சேலையோடு வந்தாள். வந்தவள் பையைத் திறந்து, அந்தத் தட்டுகிற பெட்டியை எடுத்து, கலியாணம் எழுதுகிற அம்மாவின் மேசையில் பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். மாப்பிள்ளைப் பெடியன் தன் கதிரைக்குக் கீழே ஒரு சின்ன ஸ்பீக்கரை ஒளித்தான். அந்த அம்மா சட்டத்தை வாசித்தா. மாப்பிள்ளை 'யா' என்றான். மகள் என்னை ஒருதரம் பார்த்தாள், பிறகு 'யா' என்றாள். அம்மா விரலை உயர்த்தினா. கோயில் ஐயரும் அவ்வளவு நேராக உயர்த்த மாட்டார்.

நான் அடியை இறக்கினேன். என் வாழ்க்கையில் அடித்த எந்தக் கெட்டிமேளமும் அதற்குக் கிட்ட வராது, இதை நானே சொல்கிறேன், வேறு யார் சொல்வது? மகள் வலது கையால் பெடியனின் கையைப் பிடித்தபடி, இடது கையால் பெட்டியைத் தட்டினாள், கண் என் தோளில். கதிரைக்குக் கீழிருந்து அந்த டும் டும் எழும்பி என் அடிக்குக் கீழே வந்து நின்றது. நான் ஏறினேன், அது ஏறியது. பூச்சாடி ஆடியது. சுவரில் மாட்டியிருந்த படம் ஒன்று கோணலாகப் போனது.

கெட்டிமேளம் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு என்ன வரும்? எழும்புவார்கள், கையில் இருக்கிற அரிசியை மணமக்கள் மேல் எறிவார்கள். பிறந்த நாளிலிருந்து பழகினது, மூளையைக் கேட்டு வருவதில்லை. அங்கே இருந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் எழும்பினார்கள். மச்சானும் எழும்பினான், கையை ஓங்கினான், எறிந்தான். கையில் இருந்தது கார்த் திறப்பு. அது பறந்துபோய்ப் பெடியனின் தோளில் பட்டு, அம்மாவின் காகிதங்கள் மேல் விழுந்தது.

நான் அடியை நிறுத்தினேன். ஒரு நிமிடம் சரி. மச்சான் தன் வெறுங்கையைப் பார்த்தான். முகம் எல்லாம் நனைந்திருந்தது. எப்போது அழத் தொடங்கினான் என்று தெரியாது, அதைக் காதில் விழாமல் மறைத்தது என் தவில்.

"இது கணக்கில்லை" என்றான் என்னிடம்.

"எறிஞ்சிட்டாயடா" என்றேன்.

அம்மா திறப்பை எடுத்து மரியாதையாக அவனிடம் நீட்டினா. இதுவும் உங்கள் வழக்கமோ என்று கேட்டா. ஓம் என்று சொன்னது அவன்தான்.

ஐந்து கிழமைக்குப் பிறகு பெரிய ஹோலில் கலியாணம். கூப்பிட்ட மேளகாரர் வந்தார்கள். நல்ல கை, நான் பொய் சொல்லமாட்டேன். நான் முன்வரிசையில் மனிசியோடு இருந்தேன், தாலி ஏற அரிசி எறிந்தேன், பாயாசம் மூன்றுதரம் வாங்கினேன். நிர்வாகத்து ஆள் ஒருத்தர், வேண்டுமென்றே எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, பந்தியில் என்னைக் கேட்டார்.

"எப்பிடி அண்ணை, மேளம்?"

மச்சான் பக்கத்தில் நின்று வடை பரிமாறிக்கொண்டிருந்தான். கை அப்படியே நின்றது.

"நல்லா அடிச்சவை" என்றேன். "ஆனால் பிள்ளை கலியாணம் கட்டி ஐஞ்சு கிழமை. கொஞ்சம் பிந்தித்தான் வந்தவை."

அந்த ஆள் மச்சானைப் பார்த்தார், அவன் மறுக்கட்டும் என்று. மச்சான் என் இலையில் இரண்டு வடையை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனான்.