‘தெரியாது’ சொல்லப் பழக்குகிறவர்

முன்வரிசை நாற்காலியில் யாரோ விரித்து வைத்த மஞ்சள் பட்டுத்துணியை உருவி, ஜன்னல் விளிம்பில் எறிகிறார் லோகேஸ்வரி. “வைபி ஆனப்புறம் துணி மேல உக்காருங்க. இப்ப நில்லுங்க.”

மக்கள் பிரதிநிதியை மலேசியாவில் வைபி என்பார்கள். அப்படி ஆகத் துடிப்பவர்கள் சனிக்கிழமைகளில் இவரிடம் வருகிறார்கள். கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில், டயர் கடை மாடி. கல்லூரியில் தத்துவம் நடத்தும் லோகேஸ்வரியைக் கட்சிதான் பயிற்சிக்கு அமர்த்தியிருக்கிறது. மேடைப் பேச்சோ கைகூப்பலோ சொல்லித்தர மாட்டார். கேட்பார், வந்த பதிலைப் பிடித்து மறுபடி கேட்பார். “சாக்ரடீஸ் பாசார்ல நின்னு கேட்டாரு. நான் ஃபேன் போட்டுக் கேக்குறேன், அவ்வளவுதான் லா.” பிளேட்டோவையும் விடமாட்டார். “ஆள ஆசைப்படாதவன்தான் ஆளணும்னாரு. அப்படி ஒருத்தன்கூட இந்தப் படி ஏறுனதில்ல.”

தெரியாததைத் தெரியாது என்று சொல்லாதவரை அவர் தேற விடுவதில்லை.

இன்று எதிரே நிற்பது சொந்தத் தம்பி புவனேசன். பின்னால், பயிற்சிக்கு வந்த மற்றவர்களோடு, தொகுதித் தலைவர் அழகேசன். சீட் அவர் கையில். ‘தடுமாறுற ஆளுக்குச் சீட் இல்ல’ என்று உட்காரும்போதே சொல்லிவிட்டார்.

லோகேஸ்வரி வளையலை முழங்கைவரை ஏற்றிக்கொள்கிறார். “பாலிங் தோட்டத்துல தொழிலாளிங்க குடியிருக்குற லயத்த இடிக்கப் போறாங்க. எல்லாருக்கும் வீடு வாங்கித் தர்றேன்னு சொன்னியா?”

“சொன்னேன்க்கா. கண்டிப்பா கிடைக்கும்.”

“நிலம் யாரோடது?”

“கம்பெனியோடது.”

“கம்பெனி ஒத்துக்கிச்சா?”

“பேசிக்கிட்டு இருக்கோம்.”

“யாரு பேசுறா?”

புவனேசன் குரலைத் தாழ்த்துகிறான். “எல்லாரு முன்னாலயும் மானத்த வாங்காதக்கா.”

“உன்ன நம்பி அவங்க வேற வீடு தேடல. அடுத்த மாசம் இடிக்கிறான். வீடு கிடைக்குமா?”

“டீச்சர், போதும்,” என்கிறார் அழகேசன். “ஜனங்களுக்கு நம்பிக்கை வேணும்ல? பாஸ் போட்டு விடுங்க.”

லோகேஸ்வரி திரும்பவில்லை. தம்பியின் கண் அழகேசனிடம் போகிறது, அக்காவிடம் வருகிறது.

“தெரியாதுக்கா.”

அழகேசனின் நாற்காலி கிறீச்சிடுகிறது. படியிறங்கும் செருப்புச் சத்தம் தேய்ந்து அடங்குகிறது.

“போச்சு. இப்ப சந்தோசமா?” என்கிறான் புவனேசன்.

லோகேஸ்வரி கைப்பேசியில் எண்ணைத் தட்டுகிறார். லயத்து மருதம்மாளின் குரல், “வீடு சேதி வந்துருச்சா?” என்று கேட்டதும், கைப்பேசியைத் தம்பியின் வாயருகே கொண்டுபோய்ப் பிடிக்கிறார்.