பத்தாவது பிள்ளை

தென்கொரியாவின் குன்சான் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சபையில் வாலிபப் பிள்ளைகளின் பொறுப்பு கூ ஹேரானிடம் வந்தது, வேறு யாரும் கை தூக்காததால். சலவைக் கடை வைத்திருக்கிறவள். ஆறு நாள் அடுத்தவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டு, ஏழாம் நாள் அடுத்தவர் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறாள். நான் அங்கே கிட்டார் வாசிக்கிறவன். ஐந்து வருடம் கூட இருந்து நானும் நொந்துபோய்விட்டேன்.

வாலிபர் கூட்டத்தை எப்படி நடத்துவது என்று எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும். போதகர் வேத வினாடி வினா நடத்தச் சொன்னார். நடத்தினோம்; மூன்று பேர் வந்தார்கள், அதில் ஒருத்தி போதகரின் மகள். தாக் மூப்பர் செல்போன்களைக் கூடையில் வாங்கி வைக்கச் சொன்னார். வாங்கினோம்; அடுத்த வாரம் போனும் வரவில்லை, பிள்ளைகளும் வரவில்லை. பெற்றோரைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது. விடியற்கால ஜெபத்தில், "ஆண்டவரே, இந்தத் தலைமுறையை எழுப்பும்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவார்கள். ஜெபம் முடிந்து வெளியே வந்ததும் அதே வாயால், "டீச்சர், பரீட்சை முடியிற வரைக்கும் எங்க புள்ளைய விட்ருங்க" என்பார்கள். இந்த நாட்டில் பரீட்சை எப்போது முடிந்தது?

போன இலையுதிர் காலத்தில் மூப்பர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். டிசம்பர் முதல் ஞாயிறன்று பத்துப் பிள்ளைகளாவது இல்லையென்றால் வாலிபர் கூட்டத்தை மூடிவிடுவது, அந்த அறையில் காப்பிக் கடை வைப்பது. அது பள்ளித் தேர்வுக்கு முந்தின வாரம் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த முடிவு வந்த அன்று, மிச்சமிருந்த நான்கு பிள்ளைகளிடம் ஹேரான் கத்தியே விட்டாள்.

"உங்களுக்கு என்னதான் வேணும்? சொல்லித் தொலைங்களேன்!"

"தூங்கணும், டீச்சர்."

"அதுக்கு வீடு இல்லையா?"

"வீட்ல விட்டாத்தானே!"

அடுத்த ஞாயிறு மதியம் அவள் தரைக்குச் சூடேற்றி, திரையை இழுத்துவிட்டு, மெத்தைகளை விரித்தாள். முதலில் இருபது நிமிடத் தூக்கம். பிறகு காரக் குழம்பில் வெந்த அரிசிக் கட்டி, தொக்பொக்கி. அதன் பிறகு ஒரே ஒரு வசனம்; பேச விரும்புகிறவர்கள் பேசலாம்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "அக்கா, நான் பாட்டு வாசிக்கவா, தாலாட்டு வாசிக்கவா?"

"வாய மூடிட்டு அந்த மெத்தையப் புடி."

நவம்பர் முடிவதற்குள் ஒன்பது பேர் ஆகிவிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே வீட்டுச் சண்டை, பள்ளிச் சண்டை எல்லாம் பேசினார்கள். பத்தாவது ஆளுக்காக ஹேரான் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லா வாசலிலும் ஒரே பதில்: பரீட்சை.

டிசம்பர் முதல் ஞாயிறன்று தாக் மூப்பர் கையில் நோட்டோடு வந்து கதவைத் திறந்தார். அறை இருட்டாக இருந்தது. வரிசையாகக் குறட்டை.

"என்னம்மா இது? ஆராதனையா, சத்திரமா?"

"மெதுவாப் பேசுங்க மூப்பரே, இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு."

முகம் சிவந்து, விரலை நீட்டி எண்ணிக்கொண்டே போனார். ஒன்பது வரை எண்ணியவர் சுவரோரம் போய் நின்றுவிட்டார். அங்கே டியூஷன் பையைத் தலைக்கு வைத்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள் அவருடைய மகள் சேபோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கணக்கு டியூஷனுக்கு அனுப்புகிறவர் அவர்தான். அன்று முதல் தடவையாக டியூஷனுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"இவள எழுப்பு" என்றார்.

"நீங்களே எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க. அப்புறம் ஒம்பதுன்னு எழுதிக்கோங்க" என்றாள் ஹேரான். ஐந்து வருட உழைப்பு அந்தப் பையின் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

மூப்பர் குனிந்து மகளின் தோள் வரை கையைக் கொண்டுபோனார். அவள் அசையவில்லை. அப்போது அவருடைய போன் அதிர்ந்தது. அவசரமாக எடுத்தார். டியூஷனிலிருந்துதான்.

வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினார். "ஆமாங்க, காய்ச்சல். இன்னைக்கு வரமாட்டா."

சபையின் மூத்த மூப்பர், ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்துக்குள் நின்றுகொண்டு பொய் சொன்னார். பிறகு நோட்டைத் திறந்து பத்து என்று எழுதினார்.

ஏழு நிமிடமும் ஆகிவிட்டது. ஹேரான் விளக்கைப் போடப் போனாள். மூப்பர் குறுக்கே வந்து நின்றார்.

"இன்னும் பத்து நிமிஷம் விடும்மா. வீட்டுல இவ இப்படித் தூங்கி நான் பாத்ததில்ல."