இரண்டு பூட்டுக் கொட்டகை

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவின் வடக்கு வரிசையும் தெற்கு வரிசையும் பல வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. தறியில் ஏற்றுமுன் பாவு நூலைத் தெருவில் நீட்டும் கழிகளை வைத்திருக்கும் பொதுக் கொட்டகைக்கு இரண்டு பூட்டு, வரிசைக்கு ஒரு சாவி. பிளவுபட்ட சமூகங்களில் அதிகாரப் பகிர்வை ஆராய்கிறவன் நான், விடுவேனா? ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் திறக்க முடியாத ஏற்பாடு என்று ஓர் அத்தியாயமே எழுதி, மாநாட்டில் கைதட்டலும் வாங்கினேன்.

ஊர் திரும்பிய விடியலில், தெருநெடுக நீட்டிய பட்டுப்பாவு பனிக்குள் மிதந்துகொண்டிருந்தது. தூக்கத்தில் நடப்பவன்போல அதன் ஓரமாகவே போனேன். கொட்டகை வாசலில் வடக்கு வரிசை அம்மாள் ஒருவர் இரண்டு பூட்டையும் பூட்டிக்கொண்டிருந்தார்.

"தெற்கு வரிசைக்காரங்க சாவி?" என்றேன்.

"அதுவும் எங்கிட்டதான் இருக்குதுபா. தினம் விடிகாலையில யாரு எழுந்து வர்றதுன்னு குடுத்துட்டாங்க."

"உங்களுக்குள்ள பேச்சே இல்லையேம்மா?"

"பேசாமத்தான் குடுத்தாங்க."